நரம்பணுவைக் காட்டிய வெள்ளி

இத்தாலியின் வடபகுதியில், மிலான் நகரத்துக்குத் தென்மேற்கே, அப்பியாத்தேகிராஸோ என்றொரு சிற்றூர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இனிக் குணமாகார் என்று கைவிடப்பட்ட நோயாளிகளுக்கென அவ்வூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி நடந்துவந்தது. 1872-ஆம் ஆண்டில் அதற்குத் தலைமை வைத்தியராக வந்த காமில்லோ கோல்ஜி, முப்பது வயதை இன்னும் எட்டாதவர். பாவியா சர்வகலாசாலையில் பயின்று, மூளையின் நுண்ணமைப்பை ஆராய்வதிலே தீராத பற்றுக் கொண்டிருந்தும், அந்தப் பற்றைக்கொண்டு ஜீவனம் நடத்த வழியில்லாமையால், தந்தையாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டவர். ஆராய்ச்சிசாலை என்று சொல்லத்தக்க இடம் ஒன்றும் அங்கே கிடையாது. ஆகவே, ஒரு சமையலறையையே ஆராய்ச்சிக்கூடமாக மாற்றி, ஒரு நுண்ணோக்கியையும் சில ரசாயனக் குப்பிகளையும் வைத்துக்கொண்டு, பகலில் நோயாளிகளைக் கவனித்து முடித்தபின், இரவு வேளைகளில் மூளைச் சீவல்களுடன் தன்னந்தனியாகப் போராடிக்கொண்டிருந்தார். அந்தச் சமையலறையிலிருந்து 1873-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சாயமுறை, அதற்குமுன் இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதன் கண்ணுக்கு அகப்படாதிருந்த நரம்பணுவை முதன்முதலாக முழு உருவத்தோடு கொண்டுவந்து நிறுத்தியது.

நரம்பு மண்டலத்தைப் பற்றிய ஞானம் வளர்ந்த கதையைச் சித்தாந்தங்களின் கதையாகவே எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆத்மாவின் இருப்பிடம் எது, எண்ணம் எங்கே பிறக்கிறது, உடம்பை ஆள்வது இருதயமா மூளையா என்று பெரியோர்கள் நடத்திய வாதங்கள் அக்கதையில் நிறைந்திருக்கின்றன. அவையெல்லாம் மதிக்கத்தக்கவையே. ஆயினும், பிரேதத்தை அறுத்தவன், மூளையைச் சாராயத்தில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தியவன், அதை மெல்லிய சீவலாகச் சீவியவன், சாயம் ஏற்றியவன், கண்டதைக் காகிதத்தில் வரைந்தவன் ஆகிய இவர்களுடைய கைத்திறன் எந்த அளவுக்கு முன்னேறிற்றோ அந்த அளவுக்கே சித்தாந்தமும் முன்னேறிற்று என்பதும், கை தயங்கி நின்ற காலங்களில் அறிவும் அங்கேயே நின்றுவிட்டது என்பதும் இந்தச் சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்குத் தெளிவாகும். ஆதலால் அந்தத் தொழிலின் வரலாற்றையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பண்டை எகிப்தியர், இறந்தோர் உடலைப் பதப்படுத்தும்போது இருதயத்தைப் பக்தியுடன் உள்ளேயே விட்டுவைத்து, மூளையை மூக்கின் வழியே கொக்கியால் இழுத்து எடுத்து எறிந்துவிட்டனர். ஆனால் அதே நாட்டில், காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்கள், மண்டையிலும் கழுத்தெலும்பிலும் அடிபட்டவனுக்குக் கைகால்கள் செயலற்றுப் போவதைக் கவனித்து எழுதி வைத்தார்கள். எட்வின் ஸ்மித் என்பவரின் பெயரால் வழங்கும் பாப்பிரஸ் சுவடியில் இத்தகைய காயங்கள் 48 விவரிக்கப்பட்டிருக்கின்றன. மூளை என்னும் உறுப்பைப் பெயர் சொல்லிக் குறிக்கும் மிகப் பழைய எழுத்து அதுவே. கிரேக்க நாட்டிலே மூளையே அறிவின் ஸ்தானம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அரிஸ்டாட்டிலோ, இருதயத்துக்கே அந்தப் பதவியைக் கொடுத்து, சூடேறிய இரத்தத்தைக் குளிர்விப்பதே மூளையின் பணி என்று தீர்மானித்துவிட்டார். விலங்குகளை அறுத்துப் பார்த்த அவ்வளவு பெரிய மேதை இவ்வாறு பிசகியதற்கு, மூளையைத் தொட்டால் மிருகத்துக்கு உணர்ச்சி உண்டாகாமையும் ஒரு காரணமாயிற்று.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தைத் தாலமி வம்சத்தினர் ஆண்ட காலத்தில், அலெக்ஸாந்திரியா நகரில் மனித உடலை அறுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஹீரோபிலஸ், எராசிஸ்டிராட்டஸ் என்னும் இருவர் அந்த அரிய வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டு, அதுவரை தசைநாண்களோடும் இரத்தக் குழாய்களோடும் சேர்த்துக் குழப்பப்பட்டுவந்த நரம்புகளைத் தனியே பிரித்தறிந்து, அவை மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்படுகின்றன என்பதைக் கத்தி முனையால் நிரூபித்தனர். உணர்ச்சியைக் கொண்டுவருபவை வேறு, அசைவை உண்டாக்குபவை வேறு என்ற எண்ணத்தின் வித்தும் அங்கேயே ஊன்றப்பட்டது. அவர்கள் எழுதிய நூல்கள் அழிந்துபோயின. பின்னால் வந்தவர்கள் எடுத்துக் கூறியவற்றைக் கொண்டே அவர்களை நாம் அறிகிறோம்.

அவ்வாறு எடுத்துக் கூறியவர்களில் முதல்வர் காலன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் பிறந்து, களத்தில் மோதிக்கொள்ளும் மல்லர்களுக்கு வைத்தியராயிருந்து, அவர்களுடைய திறந்த காயங்களையே பாடநூலாகக் கொண்டு பயின்ற இவர், பின்னர் ரோமாபுரிக்குச் சென்று, பெரியோர் கூடிய சபையிலே உயிருள்ள பன்றியொன்றைக் கட்டிவைத்து ஒரு பரீட்சை செய்து காட்டினார். குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பைக் கண்டுபிடித்து அவர் அறுத்தவுடன், அதுவரை உரக்கக் கத்திக்கொண்டிருந்த பன்றி, கால்களை உதைத்துக்கொண்டும் திமிறிக்கொண்டும் இருந்தபோதிலும், குரல் மட்டும் எழுப்ப இயலாமற் போயிற்று. குரல் இருதயத்திலிருந்து பிறக்கிறது என்று வாதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறு இராது. தண்டுவடத்தை ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கே அறுத்து, எந்த மட்டத்தில் அறுத்தால் எந்த உறுப்பு செயலிழக்கிறது என்பதையும் அவர் பார்த்துக் குறித்தார்.

அந்த மிருகங்கள் பட்ட வேதனையை எண்ணும்போது மனம் கூசுகிறது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நரம்பைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இவ்வாறு வாயில்லாப் பிராணிகளின் உடலிலிருந்தே பெறப்பட்டது.

காலனுடைய கத்தி சொன்னது உண்மை. அவருடைய ஊகம் சொன்னது வேறு. நரம்பு உட்துளையுள்ள குழாய் என்றும், மூளையின் அறைகளிலே தயாராகும் சூட்சுமமான பிராணவாயு ஒன்று அக்குழாய்களின் வழியே ஓடி அவயவங்களை இயக்குகிறது என்றும் அவர் எழுதினார். கண்ணால் நேரே பார்த்து மறுக்கும் கருவி ஒருவரிடமும் இல்லாமையால், அந்த ஊகம் சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் வேதவாக்காக நின்றது. 1543-இல் பாதுவா நகரத்து வெஸேலியஸ், காலன் கூறிய ஒரு விசித்திர இரத்தக் குழாய்ப் பின்னல் மனித மூளையின் அடியில் இல்லவே இல்லை என்று துணிந்து எழுதினார். 1664-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த தாமஸ் வில்லிஸ், மண்டையிலிருந்து மூளையை முழுதாக வெளியே எடுத்து, அடிப்புறத்திலிருந்து ஆராயும் முறையைக் கையாண்டு, இன்றும் அவர் பெயரால் வழங்கும் தமனி வளையத்தை விவரித்தார். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் நகரத்துச் செயின்ட் பால் ஆலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். ஆனால் வில்லிஸும் வெஸேலியஸும் கண்டவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பெரிய அமைப்புகளே. நரம்புக்குள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை.

டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் தாம் தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளின் வழியே பசுவின் பார்வை நரம்பை நோக்கி, அதில் துளை எதுவும் இல்லை என்று 1674-இல் எழுதினார். பொலோனியாவில் கால்வானி, தவளையின் தொடையை மின்சாரத்தால் துடிக்கச் செய்து 1791-இல் நூல் வெளியிட்டபின், நரம்பில் ஓடுவது காற்றோ நீரோ அன்று, மின்சாரத்தோடு உறவுடைய ஏதோ ஒன்று என்ற நம்பிக்கை பரவிற்று. தண்டுவடத்தின் இருபுறமும் ஜோடி ஜோடியாகப் புறப்படும் 31 ஜோடி நரம்புகளில் ஒவ்வொன்றுக்கும் முன்வேர், பின்வேர் என இரு வேர்கள் உண்டு. முன்வேர் அசைவுக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்பதை, இங்கிலாந்தில் பெல் 1811-இல் தொடங்கிய ஆராய்ச்சியைத் தொடர்ந்து, பிரான்சில் மாஜன்டி 1822-இல் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினார். நரம்பிலே செய்தி செல்லும் வேகம் மின்னலுக்கு ஒப்பானது, அதை அளப்பது மனிதனால் ஆகாது என்று கருதப்பட்டுவந்த காலத்தில், 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்தே காட்டினார்: விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். எண்ணம் உடம்பில் பரவக் காலம் பிடிக்கிறது என்பது அறிஞர்களையே திகைக்க வைத்தது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் மூளை எதனால் ஆனது என்பது இருளாகவே இருந்தது. அதற்குக் காரணம் அந்த உறுப்பின் இயல்பே. உயிருள்ள மூளை குழைவானது; கத்தி பட்டால் நசுங்கும்; சற்றுத் தாமதித்தால் அழுகும்; நுண்ணோக்கியின் கீழே வைத்தாலோ நிறமற்ற ஒரு கூழாகத் தோன்றும். எனவே, அதைக் கெட்டிப்படுத்தும் வித்தை முதலில் வேண்டியிருந்தது. ரைல் என்பவர் சாராயத்தைக் கொண்டும், ஹன்னோவர் என்பவர் குரோமிக் அமிலத்தைக் கொண்டும் அதைச் சாதித்தனர். காஸ்ஸல் நகரத்து வைத்தியரான ஸ்டில்லிங், 1842-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் தண்டுவடத்தை உறையவிட்டுக் குறுக்கே மெல்லிய சீவல்களாகச் சீவி, நரம்பிழைகளின் போக்கை ஒரு சீவலிலிருந்து மறு சீவலுக்குத் தொடர்ந்து பார்க்கும் முறையைக் கண்டார். புர்கின்யே 1837-இல் சிறுமூளையின் பட்டையில் வரிசையாக அமர்ந்திருக்கும் பெரிய அணுக்களை விவரித்தார். அவை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

அடுத்து வேண்டியது சாயம். எர்லாங்கன் நகரத்து கெர்லாக், பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மின் என்னும் செஞ்சாயத்தின் மிக நீர்த்த கரைசலில் மூளைச் சீவலொன்று ஓரிரவு முழுதும் கிடக்க நேர்ந்ததையும், மறுநாள் அதில் அணுக்கள் தெளிவாகச் சிவந்து நின்றதையும் கண்டு, 1858-இல் சாயமேற்றும் தொழிலுக்கு வழி திறந்தார். பான் நகரத்து ஓட்டோ டைட்டர்ஸ், குரோமிக் அமிலத்தில் பதமான தண்டுவடத்திலிருந்து ஒற்றை அணுக்களைச் சன்னமான ஊசிகளால் கையாலேயே பிரித்தெடுத்தார். அவ்வணுவிலிருந்து கிளைகிளையாகப் பிரியும் பல குறுநீட்சிகளும், கிளைக்காமல் நெடுந்தூரம் செல்லும் ஒரே ஒரு நெடுநீட்சியும் புறப்படுகின்றன என்று அவர் கண்டது, நரம்பணுவின் உருவத்தைப் பற்றி முதன்முதலாக ஒருவர் சொன்ன, பெரும்பாலும் சரியான வார்த்தை. இருபத்தொன்பதாம் வயதில் அவர் ஜ்வரத்துக்குப் பலியானார். அவருடைய குறிப்புகளை அவருடைய ஆசிரியர் ஷுல்ட்ஸே 1865-இல் அச்சிட்டு வெளியிட்டார். இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருந்தால் என்னென்ன கண்டிருப்பாரோ என்ற ஏக்கம் இந்த வரலாற்றைப் படிக்குந்தோறும் எழுகிறது.

ஆனால் ஊசியால் பிரித்தெடுத்த அணுவில் நீட்சிகளின் முனைகள் அறுந்துபோயிருக்கும். அந்த முனைகள் எங்கே போய் முடிகின்றன? அடுத்த அணுவோடு ஒட்டி ஒன்றாகிவிடுகின்றனவா, அல்லது தனியே நிற்கின்றனவா? கெர்லாக், எல்லா நீட்சிகளும் பின்னிப் பிணைந்து மூளை முழுதும் பரவிய ஒரே வலையாகின்றன என்று கூறினார். பார்க்க வழியில்லாத அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொண்டனர்.

இந்த நிலையில்தான் அப்பியாத்தேகிராஸோவின் சமையலறையில் கோல்ஜி தமது முறையைக் கண்டார். மூளைத்துண்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலில் பல நாட்கள் ஊறப்போட்டுக் கெட்டியாக்கி, பின்பு வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்திவைத்தால், இரண்டு உப்புகளும் சேர்ந்து வெள்ளி குரோமேட் என்னும் கருஞ்செம்மை நிறத்துகள் படிகின்றது. அத்துகள் எல்லா அணுக்களிலும் படிவதில்லை; நூற்றுக்குச் சில அணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் உடல் முதல் கடைசிக் கிளையின் நுனி வரை முழுதும் நிரப்பிவிடுகிறது. இளமஞ்சள் பின்புலத்திலே மைக்கோடு போட்டாற்போல ஓர் அணு தன்னந்தனியாக எழுந்து நிற்கும். எந்த அணுவில் படியும், எதில் படியாது என்பதற்கு விதியேதும் புலப்படவில்லை. அதன் காரணம் இன்றளவும் முற்றிலும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குறைபாடே பெரும் வரமாயிற்று. சிக்கலாகக் கிடக்கும் நூற்கண்டில் இழைகள் எல்லாம் ஒரே நிறமாயிருந்தால் ஓர் இழையை விரலால் தொடர்ந்து செல்ல நெசவாளிக்கும் இயலாது. ஓர் இழைக்கு மட்டும் சாயம் தோய்ந்திருந்தால் குழந்தையும் தொடரும். மனித மூளையிலே சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன என்று இன்று கணக்கிடுகிறார்கள். அவையனைத்தும் சேர்ந்து கறுத்திருந்தால் கோல்ஜி கண்டிருக்கக்கூடியது வெறும் கருமையே.

தாம் கண்டதை அவர் 1873-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இத்தாலிய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். நெடுநீட்சியாகிய ஆக்ஸானும் பக்கக் கிளைகளை விடுகிறது என்பதையும், குறுநீட்சிகளாகிய டெண்டிரைட்டுகள் கெர்லாக் சொன்னபடி வலையாகப் பிணையாமல் தனித்தனி முனைகளாக முடிகின்றன என்பதையும் அவர் கண்டறிந்தார். இவ்வளவு தூரம் சரியாக வந்தவர், அடுத்த அடியிலே வழி தவறினார். டெண்டிரைட்டுகள் வலையாகவில்லையென்றால், ஆக்ஸான்களின் கிளைகளே வலையாகின்றன என்றும், டெண்டிரைட்டுகளின் வேலை அணுவுக்கு ஊட்டமளிப்பது மாத்திரமே என்றும் அவர் முடிவுகட்டினார். அதற்கு ஓர் உள்ளார்ந்த காரணம் இருந்தது. 1861-இல் பாரிஸில் புரோக்கா, பேசும் சக்தியை இழந்த நோயாளியொருவனின் மூளையைப் பரிசோதித்து, பேச்சுக்குரிய இடம் பெருமூளையின் இடது முன்பகுதியில் இருக்கிறது என்று காட்டிய பிறகு, மூளையைத் தனித்தனி வட்டாரங்களாகப் பிரித்துக் காணும் கொள்கை வலுப்பெற்று வந்தது. கோல்ஜிக்கு அது பிடிக்கவில்லை; மூளை ஒரே முழுமையாக இயங்குகிறது என்பதே அவருடைய திடமான நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற வலையை அவருடைய கண்கள் கண்டன.

கோல்ஜியின் முறை பதினான்கு ஆண்டுக்காலம் இத்தாலிக்கு வெளியே பெரும்பாலும் கவனிப்பாரற்றே கிடந்தது. சில வேளை பலிக்கும், பல வேளை பலிக்காது. அதை நம்பிப் பொழுதைச் செலவிட ஜெர்மானிய ஆராய்ச்சிசாலைகள் விரும்பவில்லை. கோல்ஜியும் பாவியாவுக்குத் திரும்பி, மலேரியா ஜ்வரம் முறைவைத்து வருவதற்கும் இரத்தத்திலுள்ள கிருமி பெருகுவதற்கும் உள்ள தொடர்பை ஆராய்வதில் முனைந்து, அந்தத் துறையிலும் நிலைத்த புகழ் பெற்றார்.

வெள்ளியின் முறையைக் கையிலெடுத்து அதன் முழுப்பயனையும் கறந்தவர், அக்காலத்து விஞ்ஞான உலகம் பொருட்படுத்தாத ஸ்பெயின் நாட்டினர். சாந்தியாகோ ரமோன் இ கஹால், 1852-இல் மலைப்பாங்கான ஒரு சிற்றூரில், கண்டிப்புக்குப் பேர்போன ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் வரையும் பழக்கம் சிறுவயதிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. சித்திரம் வயிற்றை நிரப்பாது என்று கருதிய தந்தை, அடங்காத பிள்ளையை ஒரு க்ஷவரத் தொழிலாளியிடமும், பிறகு செருப்புத் தைப்பவரிடமும் வேலை கற்க விட்டார். பிற்பாடு மகனைத் தம் தொழிலுக்கு இழுக்க நினைத்து, பழைய இடுகாட்டில் சிதறிக் கிடந்த எலும்புகளைச் சேகரித்து வரச்செய்து, அவற்றைக் கொண்டே சரீர சாஸ்திரம் கற்பித்தார். எலும்புகளை வரைவதிலே மகனுடைய சித்திர ஆசையும் தந்தையினுடைய வைத்திய ஆசையும் ஒன்றாயின. அந்த வயதில் கற்ற கோடு பிற்காலத்தில் அவருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை நினைக்கும்போது, பிள்ளைகளின் விளையாட்டு ஆசைகளைப் பெரியோர்கள் அவசரப்பட்டு நசுக்கலாகாது என்று தோன்றுகிறது.

ராணுவ வைத்தியராகக் கியூபாவுக்குச் சென்று மலேரியாவால் உடல் நைந்து திரும்பிய கஹால், சேவையில் கிடைத்த பணத்தைக் கொண்டு சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கினார். 1885-இல் காலரா பரவியபோது அவர் செய்த ஆராய்ச்சிக்கு நன்றியாக, ஸாரகோஸா மாகாண நிர்வாகத்தார் ஸைஸ் கம்பெனியின் உயர்ந்த நுண்ணோக்கி ஒன்றை அவருக்குப் பரிசளித்தனர். 1887-இல் மாட்ரிட் சென்றபோது, மனநோய் வைத்தியரான லூயிஸ் ஸிமார்ரோ, தம் வீட்டில் வைத்திருந்த கோல்ஜி முறைச் சீவல்களை அவருக்குக் காட்டினார். அதைக் கண்ட கணத்திலிருந்து கஹாலுக்கு வேறு எண்ணமே இல்லாமற் போயிற்று. அதே ஆண்டில் பார்ஸலோனாவில் ஆசிரியப் பதவி ஏற்றுக் குடியேறிய அவர், தம்மை அடிமைப்படுத்தியிருந்த சதுரங்க ஆட்டத்தையும் கைவிட்டு, வீட்டிலேயே ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்.

அங்கே அவர் செய்த இரண்டு மாற்றங்கள் இந்தத் தொழிலின் வரலாற்றிலே மறக்கத்தகாதவை. வெள்ளியில் ஒருமுறை தோய்த்த துண்டை மீண்டும் டைக்ரோமேட்டிலும் வெள்ளியிலும் தோய்த்து, படிவை ஆழமாகவும் நிச்சயமாகவும் ஆக்கியது ஒன்று. மற்றொன்று யுக்தியின் சிகரம் என்றே சொல்லவேண்டும். வளர்ந்த பிராணியின் ஆக்ஸான்களைச் சுற்றிக் கொழுப்புச் சத்தாலான மயலின் என்னும் உறை படர்ந்திருக்கிறது. அவ்வுறை உள்ள இடத்தில் வெள்ளி எளிதில் நுழையாது. ஆகவே, உறை உண்டாவதற்கு முந்திய பருவத்து மூளையை, அதாவது முட்டைக்குள்ளிருக்கும் கோழிக்குஞ்சு, புதிதாய்ப் பிறந்த சிறு பிராணிகள் ஆகியவற்றின் மூளையை அவர் தேர்ந்தெடுத்தார். அங்கே ஆக்ஸான் மூடப்படாமல் தெரிந்தது, தூரங்கள் குறுகியிருந்தன, புறப்பட்ட இடம் முதல் போய்ச் சேரும் இடம் வரை ஓர் இழையைக் கண்ணால் தொடர முடிந்தது.

தொடர்ந்து பார்த்தபோது, வலை எங்கேயும் இல்லை. பறவையின் சிறுமூளையில், சிற்றணுக்களின் ஆக்ஸான்கள் புர்கின்யே அணுக்களின் உடலைக் கூடை பின்னியது போல வந்து சூழ்ந்துகொண்டு, அதைத் தொட்டு நின்று, அங்கேயே முடிந்துவிட்டன; ஒன்றோடொன்று கலக்கவில்லை. டெண்டிரைட்டுகளின் மீது நுண்ணிய முட்கள் இருப்பதையும் அவர் கண்டார். வெள்ளித் துகளின் தற்செயலான ஒட்டல் அது என்று பலர் தள்ளினர். அவர் வேறு சாயமுறை ஒன்றைக் கொண்டும் அவற்றைக் காட்டி, தம் சொல்லை நிலைநாட்டினார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்த ஓர் உயிரலகு. அது மற்றோர் அணுவைத் தீண்டுகிறதேயன்றி அதனோடு ஒன்றாவதில்லை என்பதே அவருடைய முடிவு. வில்ஹெல்ம் ஹிஸ், ஓகஸ்ட் ஃபோரெல் என்னும் இருவர் வேறு வழிகளால் இதே கருத்துக்கு வந்திருந்தனர். ஆனால் கண்ணாலே கண்டு வரைந்து காட்டியவர் கஹாலே.

இவற்றை வெளியிட அவர் 1888-ஆம் ஆண்டு மே மாதத்தில் சொந்தச் செலவில் ஒரு காலாண்டுப் பத்திரிகை தொடங்கினார். முதல் இதழின் பிரதிகள் 60. அவற்றையும் பெரும்பாலும் அயல்நாட்டு அறிஞர்களுக்கே அனுப்பினார். ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட ஆராய்ச்சியைப் படிப்பவர் அங்கே யாரும் இல்லை. குடும்பம் பெருகியிருந்த அந்த நாட்களில் சம்பளத்தின் ஒரு பகுதி அச்சகத்துக்கே போயிற்று. பொறுத்துப் பார்த்த கஹால், 1889 அக்டோபரில் தம் நுண்ணோக்கியையும் சீவல்களையும் சுமந்துகொண்டு, ஜெர்மானிய உடற்கூற்றுச் சங்கம் கூடிய பெர்லினுக்கே போய்ச் சேர்ந்தார். தடுமாறும் பிரெஞ்சு மொழியில், கண்டவர்களையெல்லாம் அழைத்து, தாமே முன்னின்று காட்டினார். அந்தத் துறையின் மூத்த ஆசாரியராகிய கோலிக்கர், எழுபது வயது கடந்தவர், வந்து பார்த்தார். பார்த்ததும் வெள்ளி முறையைத் தாமே கையாண்டு சோதித்து, தாம் அதுவரை கொண்டிருந்த வலைக் கொள்கையைக் கைவிட்டார். முதுமையிலே கொள்கையை மாற்றிக்கொள்ளத் துணிந்த அந்தப் பெருந்தகைமை, கஹாலின் கண்டுபிடிப்புக்கு ஒப்பாகவே எனக்குப் படுகிறது. 1891-இல் வால்டையர் இந்த முடிவுகளையெல்லாம் திரட்டி எழுதியபோது, நரம்பணுவுக்கு நியூரான் என்று பெயரிட்டார்.

பிறகு வந்த ஆண்டுகளில் கஹால், கண்ணின் விழித்திரை, மூக்கின் நரம்பு, தண்டுவடம், பெருமூளைப் பட்டை என ஒவ்வோர் உறுப்பாக எடுத்துப் பார்த்தார். செய்தி டெண்டிரைட்டிலும் அணுவின் உடலிலும் நுழைந்து, ஆக்ஸானின் வழியே வெளியேறி, அடுத்த அணுவின் டெண்டிரைட்டைச் சேருகிறது என்று, அந்த அமைப்புகளின் இருப்பைக் கொண்டே அவர் அனுமானித்தார். மின்னோட்டத்தை அளக்காமல், அசையாத சீவல்களை மட்டுமே பார்த்து, ஓட்டத்தின் திசையைச் சொன்ன திறமை வியக்கத்தக்கது. வளரும் ஆக்ஸானின் நுனியிலே கூம்பு போன்ற ஓர் உறுப்பு வழி தேடி முன்செல்கிறது என்பதையும் 1890-இல் கண்டு கூறினார். அவர் கையால் வரைந்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவருடைய மாணவர் ரியோ ஓர்த்தேகா, வெள்ளி கார்பனேட்டைக் கொண்டு, நரம்பணுக்களிடையே காவலாயிருக்கும் நுண்கிளையா அணுக்களைக் கண்டு பிரித்தார்.

1906-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தப் பரிசு இருவரிடையே பங்கிடப்பட்டது அதுவே முதல் தடவை. டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் இருவரும் சந்தித்தனர். முதலிலே பேசிய கோல்ஜி, தம் அருகே அமர்ந்திருந்தவரின் வாழ்நாள் உழைப்பாகிய நியூரான் கொள்கை தவறென்று நிறுவுவதையே தம் உரையின் பொருளாக்கினார். மறுநாள் பேசிய கஹால், கோல்ஜியின் முறைக்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டு, தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். ஒரே வெள்ளிக் கரைசலைக் கொண்டு, ஒரே அணுவைப் பார்த்து, ஒருவர் வலையையும் மற்றவர் தனித்த அணுவையும் கண்டனர் என்பது விஞ்ஞான சரித்திரத்தில் மிகவும் சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி. கோல்ஜி 1926-இல் மறையும் வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அணுக்கள் தனித்தனியே நிற்பவையானால், செய்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படித் தாவுகிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தச் சந்திப்பிடத்துக்கு ஷெரிங்டன் 1897-இல் சினாப்ஸ் என்று பெயரிட்டு, அனிச்சைச் செயல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை தளரும்படி நரம்பு மண்டலம் கட்டளையிடுகிறது என்பதைக் காட்டினார். 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி, நள்ளிரவுக் கனவிலே தோன்றிய யோசனையின்படி, ஒரு தவளையின் இருதயத்தை வேகஸ் நரம்பின் மூலம் மந்தப்படுத்தி, அதை நனைத்திருந்த திரவத்தை மற்றொரு தவளையின் இருதயத்தில் விட்டபோது அதுவும் மந்தமாயிற்று. நரம்பின் நுனியிலே ஒரு ரசாயனப் பொருள் சுரக்கிறது என்று நிரூபணமாயிற்று. பிளிமத் நகரில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பருத்த ஆக்ஸானுக்குள்ளேயே கண்ணாடி ஊசியைச் செலுத்தி, 1939-இல் மின்னழுத்தத்தை நேரே அளந்தனர். இவையெல்லாம் கஹாலின் கொள்கைக்கு அனுசரணையாயிருந்தன. ஆனால் வலைக்கொள்கையினர் சிலர் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. சாதாரண நுண்ணோக்கியின் சக்தி எல்லைக்கு அப்பால் அந்த இடைவெளி இருந்தமையால், இறுதித் தீர்ப்பைச் சொல்ல இயலவில்லை.

1950-களின் நடுவிலே, எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஏற்ற மிக மெல்லிய சீவல்களைச் சீவும் கைத்திறன் கைகூடிய பிறகே அந்தத் தீர்ப்பு வந்தது. இரண்டு அணுக்களின் எல்லைச் சவ்வுகளும் தனித்தனியே முழுமையாக இருந்தன. அவற்றுக்கிடையே மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளி தெரிந்தது. மூளையின் சில பகுதிகளில் அணுக்கள் நெருக்கமாக இணைந்து மின்சாரத்தை நேரே கடத்தும் இடங்களும் உண்டென்று பின்னர் தெரியவந்தாலும், மண்டலத்தின் பொது அமைப்பு கஹால் வரைந்தபடியே இருந்தது. அதைக் காண அவர் இல்லை. 1934-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மாட்ரிட் நகரில் அவர் காலமாகியிருந்தார்.

கோல்ஜி கொள்கையிலே தோற்றார் என்பதனால் அவரைக் கஹாலுக்குக் கீழே வைத்துப் பேசும் வழக்கம் புத்தகங்களில் பரவியிருக்கிறது. அது எனக்கு உடன்பாடன்று. அப்பியாத்தேகிராஸோவின் வெள்ளி இல்லாமல் பார்ஸலோனாவின் கஹால் இல்லை. கஹாலின் கண்ணும் கோடும் இல்லாவிட்டால் அந்த வெள்ளி ஓர் இத்தாலியப் பத்திரிகையின் பழைய தாள்களுக்குள்ளேயே கிடந்து மக்கியிருக்கும். கருவியைச் செய்தவரையும் அதைக்கொண்டு உண்மையைக் கண்டவரையும் பிரிக்காமல் சேர்த்தே கௌரவித்த 1906-ஆம் ஆண்டின் தீர்ப்பு முற்றிலும் நியாயமானது.